ராகு காலம் பார்த்தாயிற்று, மூலப்பத்திரம் பார்த்தாயா?

அம்மாடி, வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் பதிவு முடிந்துவிடும், ராகு காலம் குறுக்கே வராது என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். பத்திர எழுத்தராக உட்கார்ந்திருந்த காலமெல்லாம் நான் கண்டது இதுதான்: ராகு காலம் பார்க்காமல் வந்தவர் இல்லை, மூலப்பத்திரம் வரை படித்துவிட்டு வந்தவர் அபூர்வம்.

சார்பதிவாளர் விற்பவருக்கு ஜாமீன் நிற்பவர் அல்ல. ஆள் சரியா, தீர்வை சரியா, சாட்சி இருவர் வந்தார்களா என்று பார்ப்பார். வீடு உண்மையில் யாருடையது என்று தீர்ப்பது அவர் வேலையல்ல. 2025-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த வேலை வாங்குகிற உன் தலையில்தான்.

வங்கிக் கடனைத் தவிர வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்கிறாய். பதிவான ஆவணம் மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில் வராது. கோர்ட்டில் நடக்கிற பாகப்பிரிவினை வழக்கும் வராமல் போகலாம். ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பு, நடுவில் வாங்கிய உன்னையும் கட்டும். ஆகவே விற்பவர் பெயரில் வழக்கு உண்டா என்று வக்கீலை விட்டுத் தேடச் சொல். குடியிருப்பவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேள்.

நீ வாங்குவது அண்ணன் தம்பி இருவர் விற்கும் அப்பா வீடு. அக்கா தங்கை உண்டா? "சீர் செனத்தி செய்து கட்டிக்கொடுத்தாச்சே" என்பார்கள். சீர் வேறு, சொத்து வேறு. தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இலிருந்தே அப்படித்தான். வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்துப் போடுகிறார்களா, இல்லை விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்களா என்று டிக் அடி. வெளிநாட்டில் இருக்கிறாள், அப்புறம் போடுவாள் என்றால் பதிவையும் அப்புறமே வைத்துக்கொள். முகூர்த்தம் இன்னொன்று வரும்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதாமே. பாக்கியை விற்பவர் கையில் கொடுக்காதே. அவருடைய கடன் கணக்குக்கே டிடி எடுத்துக் கட்டு. அசல் பத்திரங்களை வாங்கு. கடன் தீர்ந்த ரசீதையும் பதியச் சொல்.

செலவு உனக்குத் தெரியும்: வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது கூடுதலோ அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அதை மிச்சம் பிடிக்க, பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று தரகர் காதைக் கடிப்பார். வேண்டாம். எழுதாத பணத்துக்கு நாளைக்கு எந்தக் கோர்ட்டில் கணக்குக் காட்டுவாய்? விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு.

பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உன் பெயருக்கு மாற்று. ஒரு மாதம் கழித்து வில்லங்கம் போட்டு, உன் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறியிருக்கிறதா என்று பார். சாட்சிக்கு ஆள் தேடாதே. ஆதாரோடு நானும் உன் சித்தப்பாவும் வருகிறோம். வரைவுப் பத்திரத்தை மட்டும் புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.