புகைக்குக் கையெழுத்து

ஈயைப் பிடித்துத் தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப்பைத் தெரியாத குழந்தை இல்லை. கடைகளில் பிளாஸ்டிக் குவளையில் விற்கிறார்கள். ஆனால் அது இயல்பாக வளரும் இடம் வட, தென் கரோலினாவின் கடலோரச் சமவெளி மட்டும்தான்; வில்மிங்டன் நகரைச் சுற்றி ஏறத்தாழ 100 மைலுக்குள். எங்கள் வீடும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அடர்ந்த சதுப்புக் காட்டை எதிர்பார்த்து வருகிற விருந்தாளிகளுக்கு ஏமாற்றம்தான். நெட்டையான பைன் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவே புல், மிதித்தால் நீர் கசியும் மணல். செடி உள்ளங்கையில் அடங்கிவிடும், குனிந்து தேடவேண்டும். மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு, அதனால்தான் பூச்சி வேட்டை. இலைக்குள் இருக்கும் மயிரிழையை ஒருமுறை தொட்டால் அசையாது. சுமார் 20 விநாடிக்குள் மறுபடி தொட்டால்தான் சட்டென்று மூடும். ஒற்றை மழைத்துளிக்கெல்லாம் வாயை மூடி வீணாகக்கூடாது அல்லவா? இதைக் கேட்ட என் அம்மா, "கெட்டிக்காரி" என்றார். பூவை மட்டும் நீண்ட தண்டின் உச்சியில், பொறிக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது.

காட்டுச் செடியைத் திருடுவது வட கரோலினாவில் 2014 முதல் பெருங்குற்றம். ஆனால் திருடனைவிடப் பெரிய பகை நிழல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ ஓடிப் புதர்களை எரித்தால்தான் இதற்கு வெயில் கிடைக்கும். மேலே கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும். முன்பு மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீயை, இன்று காப்பகத்தார் காற்றின் திசை பார்த்து மூட்டுகிறார்கள்.

சென்ற பிப்ரவரியில் அந்தப் புகை எங்கள் தெருவுக்கு வந்தது. ஜன்னலைச் சாத்தியும் நிற்கவில்லை. தீ வைப்பதை நிறுத்தக் கோரும் மனுவோடு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவருடைய மகனுக்கு ஆஸ்துமா. அந்தப் பையன் இரவில் இருமுவது எங்கள் அறைக்கே கேட்கும்.

"இரண்டு நாள் முன்னதாக அறிவிக்கச் சொல்லிக் கேட்போம். அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன், இதற்கு முடியாது" என்றேன்.

"ஒரு செடிக்காகவா?" என்றார்.

எங்கள் தெருவே ஒரு காலத்தில் அந்தப் பைன் புல்வெளிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பையன் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தான், சொல்லவில்லை. மனுவில் 31 கையெழுத்து சேர்ந்ததாகக் கேள்வி. முன்னறிவிப்புக் கேட்டு நான் தனியாக எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.