கொலு ரயிலுக்குக் குரல் திரும்பிய கதை



நம்ம ஆலயத்து நவராத்திரி கொலுவில் கீழ்ப்படியைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலை எல்லாரும் பார்த்திருப்பீங்க. போன வருஷம் மூணாம் நாளே அதன் சத்தம் திக்கித் திக்கி நின்றுபோனது. "ஏன் ரயில் ஊதல?"ன்னு பிள்ளைகள் கேட்டாங்க. ஒரு சிலர், "தூக்கிப் போட்டுட்டு பேட்டரி ரயில் ஒன்னு வாங்கிடலாம்"னு சொன்னாங்க. அதைக் கொடுத்த ஐயா, ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வெளியே உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. சுங்கைப் பட்டாணிக்கும் குரூனுக்கும் நடுவே, கம்பிச்சடக்கு ஓரத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ரயில் ஊதினா மணி என்னன்னு சொல்லிடுவோம். 1957-இல் மலாயா ரயிலுக்கு வந்த இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் இன்ஜின்களின் உறுமல் லயம் வரைக்கும் கேட்கும். 2015-லிருந்து பாடாங் பெசார் வரை மின்சார ரயில் ஓடுது. அந்தப் பழைய உறுமல் இல்லை. ஐயாவின் மாதிரி இன்ஜின் பிரிட்டனின் கிளாஸ் 37. அதுவும் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் செய்ததுதான். அந்தச் சத்தத்துக்காகவே தேடி வாங்கியிருக்கிறார்.

பிரித்துப் பார்த்தோம். மோட்டார் நல்லா இருக்கு, போனது சவுண்ட் டிகோடர். தண்டவாளம் வழியா மின்சாரத்தோடு கட்டளையும் வரும். அந்தச் சின்னப் பலகை கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும், வேகத்துக்கு ஏற்றபடி இன்ஜின் சத்தத்தையும் விடும். தொண்டர்கள் காசு சேர்த்து, கிளாஸ் 37 ஒலி ஏற்றிய லோக்சவுண்ட் 5 டிகோடர் வாங்கினோம்.

மாட்டினோம். ரயில் ஓடியது, சத்தமோ கொசு மாதிரி! ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "எனக்கு ஒன்னும் கேக்கலப்பா" என்றார். எல்லார் காசும் வீணாச்சோன்னு எங்களுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை.

தவறு எங்களுடையதுதான். பழைய டிகோடர் 100 ஓம் ஸ்பீக்கர் கேட்கும் வகை. புதியதுக்கு அதைவிடக் குறைந்த ஓம் வேண்டும். பழைய ஸ்பீக்கரையே விட்டுவிட்டோம். தொழிற்சாலையில் தினமும் பிள்ளைகளிடம் "அளவைப் பார்த்துட்டு மாட்டு"ன்னு சொல்ற சூப்பர்வைசர் நாங்க! வீட்டில் யாரும் தலைகீழாகச் செய்துவிடாதீங்க. 100 ஓம் கேட்கும் பழைய டிகோடரில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் டிகோடரே எரிந்துபோகலாம். இன்னொன்று, ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுப் புகாத சின்னப் பெட்டி இருந்தால்தான் சத்தம் கனமாக வரும்.

8 ஓம் ஸ்பீக்கரைப் பெட்டியோடு வைத்து, மறுபடி ஐயாவை அழைத்தோம். ரயில் நகரவில்லை, இன்ஜின் மட்டும் உறுமியது. ஐயா கண்ணை மூடிக் கேட்டார். "ஸ்டேஷன்ல நிக்குது. கொடி காட்டினா கிளம்பிடும்" என்றார். பிறகு அவரே பொத்தானை அமுக்கி ஊதினார்.

கோயிலுக்குத் திருப்பணி செய்யும்போது பழுதானதை மட்டும்தானே மாற்றுகிறோம்? மூலவரை யாரும் தூக்கிப் போடுவதில்லையே. வீட்டில் பெரியவங்க வைத்திருக்கும் பொருளையும் அப்படிப் பாருங்க. போனது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை மட்டும் மாத்துங்க.

இந்த நவராத்திரிக்குப் பிள்ளைகளோடு வாங்க. பொத்தான் ஐயா கையில்தான் இருக்கும்.

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.