கோட்டைக்குள் ஒரு ஹோட்டல்

காலிக் கோட்டைக்குள் வாழும் எங்களுக்கு 'ஹோட்டல்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, மாலையானதும் கொத்து ரொட்டிச் சத்தம் எழும் சாப்பாட்டுக்கடை. மற்றது, சேர்ச் வீதியில் ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நீண்ட விறாந்தையோடு நிற்கும் பெரிய கட்டடம். இன்று அதன் பெயர் அமன்கல்ல. என் உம்மும்மாவுக்கு மட்டும் அது இன்னமும் 'என்.ஓ.எச்.'தான். நியூ ஓரியன்டல் ஹோட்டல் என்பதன் சுருக்கம் அது.

1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தளபதிகளுக்காக எழுப்பியவையே அக்கட்டடத்தின் பழைய பகுதிகள். 1796இல் ஆங்கிலேயர் வந்தபின் அவை அவர்கள் கைக்கு மாறின. 1860களில் அது ஹோட்டலாயிற்று. அந்நாளில் இலங்கையின் தலைவாசல் கொழும்பு அல்ல, காலிதான். ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் தபால் மாற்றவும் இங்கே தரித்தன. கரையிறங்கிய பயணிகள் ஹோட்டல் விறாந்தையில் காற்று வாங்கினார்கள்.

அந்த விறாந்தையில் எம்மவர்களும் இருந்தார்கள். மாணிக்கக் கற்கள், ஆமையோட்டுச் சீப்புகள், கருங்காலியில் செதுக்கிய யானைகள், ரேந்தைகள் ஆகியவற்றோடு சோனக வியாபாரிகள் பயணிகளைச் சூழ்ந்துகொண்டதை அக்காலப் பிரயாணிகள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ரேந்தையைப் பின்னிய பெண்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உம்மும்மாவும் பீரளுக் கட்டைகளை உருட்டி ரேந்தை பின்னியவர்தான். ஆண்கள் அதை விற்கக் கொண்டு போவார்கள். ஹோட்டலிலிருந்து ஐந்து நிமிட நடையில் வாழ்ந்தும் அதன் படியை அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

1885இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி முடிந்தது. கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி உறங்கத் தொடங்கியது. ஹோட்டலும் அத்தோடு மூடுண்டிருக்கலாம். ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியில் எஃப்ராம்ஸ் என்ற பறங்கிக் குடும்பம் அதைப் பொறுப்பேற்றது. அக்குடும்பத்தின் மகள் நெஸ்டா, 1905இல் அந்த ஹோட்டலின் 25ஆம் இலக்க அறையில் பிறந்தார். பின்னாளில் நெஸ்டா புரோஹியர் என்று அறியப்பட்ட அவரே, 1995 வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதை நடத்தினார். பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. சுவரின் பூச்சு உதிர்ந்தது, தளபாடங்கள் பழசாயின. ஆனாலும் கதவு திறந்தே இருந்தது.

"அந்த நோனா ஊட்டை உட்டுட்டுப் போகல்ல, மகள்" என்று உம்மும்மா சொல்வார். அதற்குமேல் அவரைப் பற்றி உம்மும்மாவுக்கு அதிகம் தெரியாது. இருவரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் உம்மும்மா 'ஹோட்டல்' என்று சொல்லாமல் 'ஊடு' என்று சொல்கிறாரே, அதைத்தான் நான் கவனித்தேன்.

நெஸ்டாவுக்குப் பிறகு கட்டடம் கைமாறியது. பெரும் பணம் செலவிட்டுப் புதுப்பித்தார்கள். இன்று அது உலகச் செல்வந்தர்கள் தங்கும் இடம். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. இடிந்து விழுவதைவிட அது மேல். ஆனால் அங்கே இப்போது விருந்தினர்தான் தூங்குகிறார்கள். அதைத் தம் வீடு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 1988இல் காலிக் கோட்டை உலக மரபுரிமைத் தலமானது. அதன்பின் கோட்டை வீடுகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் தெருவிலும் வீடுகள் ஒவ்வொன்றாய் விடுதிகளாகின்றன. சென்ற வருடம் எங்கள் வீட்டுக்கும் தரகர் வந்தார். உம்மும்மாவின் வீடு இப்போது உம்மா, இரண்டு சாச்சிமார், மாமா என நால்வரின் பங்கு. கூரை ஒழுகுகிறது. தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பழைய வீட்டில் விரும்பியபடி கைவைக்கவும் முடியாது. மாமாவுக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. விற்போம் என்று அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது உம்மாவின் வீடு.

இன்னும் முடிவாகவில்லை. முடிவெடுக்கும் வயதும் எனக்கில்லை. ஆனால் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டேன். எந்த அறையில் யார் பிறந்தார்கள், எந்த ஜன்னலோரம் உம்மும்மா ரேந்தைத் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், கிணற்றை யார் வெட்டினார்கள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இருபத்து மூன்று பக்கம் ஆகிவிட்டது.

நெஸ்டா பிறந்த அறையின் இலக்கம் இன்று எல்லோருக்கும் தெரிகிறது. என் உம்மா பிறந்த அறைக்கு இலக்கம் கிடையாது. முற்றத்துக்கு வலப்பக்கம், இரண்டாவது கதவு. அதையும் யாராவது எழுதி வைக்கத்தானே வேண்டும்?