மேடைக்கு ஒரு சாரணன்

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலின் பிறந்த தினமான பெப்ரவரி 22ஆந் திகதியை ஒட்டி எமது பாடசாலைச் சாரணர் தீப்பாசறை நடத்துவது வழக்கம். பெற்றோரும் அயலிலுள்ள தோட்டங்களின் மக்களும் வந்து கூடுவர். சாரணர் சார்பில் ஒருவன் அன்று எழுந்து பேசவேண்டும். அவனைத் தெரிவு செய்வதற்கு மூவர் கொண்ட நடுவர் குழு அமைக்கப்பட்டது. தமிழ் கற்பிப்பவன் என்ற காரணத்தால் நானும் அதில் ஒருவன். பாடசாலைகளில் ஓயாது நடக்கும் சிறு காரியந்தான் இது. ஆயினும் ஒரு சமுதாயத்தில் யார் பேசலாம், எதைப் பேசலாம், எந்தத் தமிழிற் பேசலாம் என்ற வினாக்களெல்லாம் இத்தகைய வகுப்பறைகளுக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

தலைப்பு ‘சாரணனும் சேவையும்’. ஆளுக்கு ஐந்து நிமிடம். ஏழு பேர் வந்திருந்தனர். முதல் அறுவரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மூன்று நடுவர்களும் காலியான வாங்குகளுமே இருந்த அறையை நோக்கி, “கடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே” என்று விளித்தவர்கள் அவர்களுள் நால்வர்! எழுதிக் கொடுத்தவர் எவரோ, எந்தச் சொல்லில் கை உயரவேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்கியிருந்தார். ‘சேவை’ என்ற சொல் மழையாய்ப் பொழிந்தது. யார், யாருக்கு, என்ன செய்தார் என்பது மட்டும் வரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 1940களிலும் 1950களிலும் திராவிட இயக்க மேடைகளிலும் திரைப்படங்களிலும் அந்த எதுகை மோனை நடை புதிய வேகத்துடன் எழுந்தது. அரசியலுக்கு அந்நியராயிருந்த மக்களை மேடையின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த வேகம் கழிந்த பின்னர் எஞ்சிய ஓசையை இன்று எமது பேச்சுப் போட்டிகள் காப்பாற்றி வருகின்றன.

ஏழாவதாக வந்தவன் தரம் 10 மாணவன். தோட்டத்து லயத்துப் பிள்ளை. வெள்ளைப் பாடசாலைச் சட்டையின் மேல் சாரணர் கழுத்துப்பட்டியை மட்டும் கட்டியிருந்தான்.

“சாரணச் சட்டை எங்கே?” என்று கேட்டார் என் அருகில் இருந்த நடுவர்.

“கிழிஞ்சிருச்சி, சேர்.”

தோற்றத்துக்கெனப் புள்ளித் தாளில் 10 புள்ளிகள் உண்டு. அவருடைய பேனா அசைந்ததைக் கண்டேன்.

“எங்க பெரியம்மாவக் குளவி கொட்டிருச்சி. அதத்தான் சொல்லப் போறேன்” என்று அவன் தொடங்கினான். விளிப்பு இல்லை, வணக்கம்கூட இல்லை. ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து, துருப்பைச் சேர்ந்த வேறு மூவருடன் கொழுந்து மலை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தானாம். நிரையில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு கீழே ஓடிவந்தார்கள். குளவிக்கூடு கலைந்துவிட்டது. பெரியம்மா விழுந்த இடத்திலிருந்து எழவில்லை. மடுவத்தடியில் கொழுந்து லொறி நின்றது. ஏற்றவேண்டிய கொழுந்து ஏறி முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். குளவிக் கொட்டுக்கு உள்ளானவருக்கு நிமிடங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பதை மலையகத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எத்தனை உயிர்கள் இவ்வாறு போயிருக்கின்றன!

நால்வரிடமும் சாரணத் தடிகள் இருந்தன. மூன்று சட்டைகளைக் கழற்றி, கைகளை உட்புறமாக இழுத்து, அவற்றினூடாக இரண்டு தடிகளைச் செலுத்திப் பொத்தான்களைப் பூட்டினார்கள். அதன்மேல் பெரியம்மாவின் கம்பளியை விரித்தார்கள். பாடத்தில் படித்த தூக்குப்படுக்கை ஆயத்தமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவனுடைய கைகள் தாமாகவே தடியைப் பற்றியிருப்பதுபோல மடங்கி நின்றன. எவரும் பழக்கிக் கொடுத்த பாவனை அன்று.

“நாலு பேரும் ஒரே கால எடுத்து வைக்கக் கூடாது சேர். அப்புடி நடந்தா ஆளு ஆடும். அது சாரணர்ல சொல்லிக் குடுத்த பளக்கம். மத்த நாளு எல்லாம் ஒரே கால வைக்கத்தான் சொல்லுவாங்க.”

சாரண ஆசிரியர் சிரித்துவிட்டார். ஒன்றரை மைல் நடந்து பெரிய றோட்டுக்கு வந்து, அங்கே ஓர் ஓட்டோவை மறித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். “பாரந் தாங்காம என் சட்டை தோள்ல விட்டுருச்சி. ஆனா பெரியம்மா விழல்ல” என்றான். மூன்றரை நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதன்பின்னரே உண்மையான போட்டி தொடங்கியது. “நல்ல பையன், ஆனால் மேடைத் தமிழ் இல்லை” என்றார் அருகிலிருந்த நடுவர். ‘பழக்கம்’ ‘பளக்கம்’ ஆயிற்று. உச்சரிப்பில் 20க்கு 6 புள்ளிகளே இட்டிருந்தார். வீட்டிலே ழகரத்தைத் திருத்தமாக ஒலிப்பவர்கள் எம்மில் எத்தனை பேர் என்று கேட்டேன். 1960களின் முற்பகுதியில் இந்நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தையும் நினைவூட்டினேன். மீனவரும் விவசாயியும் கூலித் தொழிலாளியும் தாம் பேசும் மொழியிலேயே கதைகளில் பேசத் தொடங்கியபோது, அதனை இழிசனர் வழக்கென்று பண்டிதர் சிலர் தள்ளினர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்று வென்றனர். கதைக்குள் வென்ற அந்த மொழிக்கு வகுப்பறையின் புள்ளித் தாளில் இன்னும் 6 புள்ளிகள்தாம். மலையகத்துக்கு மேடை புதிதுமன்று. 1930களில் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரிடையே பாடியும் பேசியும் சங்கம் வளர்த்தார்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் தாழ்ந்த குரலில், “அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் யாரென்று தெரியுமல்லவா?” என்றார். அந்தத் தோட்டத்தின் முகாமையாளர். சாரணர் அறைக்குக் கூரைத் தகரம் தருவதாக வாக்களித்திருப்பவரும் அவரே. உச்சரிப்பு என்ற கட்டத்தில் வெட்டுண்டது ழகரம் அன்று, லொறி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மழைக்கு ஒழுகும் அறையில் கூடாரத் துணிகள் பூஞ்சணம் பிடிப்பதைக் கண்டு மனம் நொந்தவர். தகரம் உண்மையாகவே தேவைதான்.

சாரணர் இயக்கத்தின் பிறப்பை அறிந்தவர்கள், இடதுசாரி ஆசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்பதுண்டு. பேடன் பவல் பேரரசின் படைத் தளபதி. 1899-1900இல் மஃபெக்கிங் முற்றுகையைத் தாங்கிப் புகழடைந்தவர். 1908இல் அவர் வகுத்த சாரண விதிகளின் முதல் வடிவம், அரசனுக்கும் நாட்டுக்கும் மட்டுமன்றித் தொழில் கொடுப்போருக்கும் விசுவாசமாயிருக்கும்படி சிறுவர்களைப் பணித்தது. மற்றைய சாரணன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவனாயினும் சகோதரனே என்றதும் அதே விதித் தொகுதிதான். 1912இல் மாத்தளையில் இவ்வியக்கம் இந்நாட்டுக்கு வந்தபோது, தோட்டத்து லயத்துப் பிள்ளையை எவரும் மனத்திற் கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் தடியும் முடிச்சும் முதலுதவியும் கைமாறக் கூடியவை. மேடைப் பேச்சும் அப்படியே நமக்கு வந்தது. 1847இன் கடைசி நாளில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தபோது, பாதிரிமாரிடம் கண்டறிந்த முறையையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். நாவலரின் சமூகப் பார்வை வேறு, நம்முடையது வேறு. அந்தத் துணிவை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இறுதியில் சாரண ஆசிரியரின் புள்ளிகளே முடிவு செய்தன. உச்சரிப்பில் 15 இட்டு, தோற்றத்துக்கு முழுப் பத்தையும் கொடுத்திருந்தார். காரணம் கேட்டபோது, “சட்டை எங்கே போனதென்று சொன்னானே” என்றார். இரண்டு புள்ளிகளால் அந்த மாணவன் முந்தினான்.

மறுநாள் அவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். “லொறி விசயத்தச் சொல்லலாமா, சேர்?”

“நடந்ததுதானே?”

“நடந்ததுதான்.”

“அப்படியானால் நடந்தவாறே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

தீப்பாசறை இரவு அவன் நடந்தவாறே சொன்னான். தைத்த சட்டையின் தோளில் நூலின் நிறம் வேறாக இருந்தது. விருந்தினர் அசையாமல் அமர்ந்திருந்தார். லொறி வந்த இடத்தில், தீக்கு அப்பால் இருளில் நின்ற பெண்கள் பக்கத்திலிருந்து, “ஆமா, ஏத்தல்ல” என்று ஒரு குரல் எழுந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பி, அவர்களைப் பார்த்தே மிகுதியையும் சொல்லி முடித்தான்.