கொலுப் படியும் மழைக் குழியும்

ஆவணி பிறந்தால் போதும், எங்கள் வீட்டில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிடும். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், மாமனார் காலத்து வீடு எங்களுடையது. பல வீடுகளில் நவராத்திரி கொலு என்றால் பெண்கள் சமாசாரம். எங்கள் வீட்டிலோ அது என்னவரின் சமாசாரம். வருஷம் முழுக்க ஆபீசில் கணக்கு எழுதுகிற மனுஷருக்கு, இந்த ஒன்றரை மாதம் மட்டும் கையில் ரம்பம் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

துளை போட்ட இரும்புச் சட்டம், நட்டு, போல்ட்டு, பலகை எல்லாம் பரணிலிருந்து இறங்கும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் படி. எங்களுக்கு ஏழு. படி வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். அவருடைய உயிர் இருப்பது பக்கத்தில் கட்டுகிற "பார்க்"கில்! கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுரம், பின்னால் மேற்கே தெப்பக்குளம், நடுவில் நீராழி மண்டபம். கோபுரம் 1906-ல் கட்டியது, சுமார் 120 அடி உயரம். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு, அட்டையிலே 12 அங்குலக் கோபுரம் செய்து வைத்திருக்கிறார். அதே கணக்கில் குளமும் கட்டினால் கூடத்தில் நமக்கு உட்கார இடம் ஏது? அதனால் குளத்துக்கு மட்டும் என் அலுமினியத் தட்டு!

அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் மண் தட்டில் கேழ்வரகும் வெந்தயமும் தூவி வைப்போம். கொலு வைக்கிற அன்று பச்சைப் பசேலென்று புல்வெளி தயார்.

இதற்கிடையில் எனக்கு அலைச்சலுக்குக் குறைவில்லை. தாம்பூலத்தோடு கொடுக்க ரவிக்கைத் துண்டு வாங்க தி. நகர் ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டத்தில் நடக்க வேண்டாம், தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள்! பொம்மைக்கு வடக்கு மாட வீதி. நடைபாதை நெடுகப் பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைகள் வைக்கோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது மாமியார் வைத்த வழக்கம். திரும்பும்போது குளக்கரையில் ஐந்து நிமிஷம் நின்று, தண்ணீர் எத்தனை படி வரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். எங்கள் வீட்டுக் கிணற்றின் ஜாதகம் அந்தக் குளத்தில் தெரியும் என்பார் மாமனார்.

2019-ஆம் வருஷத்தை மட்டும் மறக்கவே முடியாது. அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப் போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் 'ணங்'கென்று தரையில் இடிக்கும். லாரி ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடி ஓடி எனக்கு முதுகுவலியே வந்துவிட்டது. செப்டம்பரில் கொஞ்சம் மழை பெய்தும் கிணறு அசையவில்லை.

அந்த வருஷமும் இவர் கொலுவை விடவில்லை. அரிசி களைந்த தண்ணீரைத்தான் கேழ்வரகுக்குத் தெளித்தேன். தெப்பக்குளத் தட்டில் தண்ணீர் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. இவரோ குளக்கரையில் புதிதாக ஒரு அட்டை வீடு கட்டினார். மொட்டை மாடியிலிருந்து ஸ்ட்ராவில் குழாய், கீழே தீப்பெட்டி அளவு குழி, அதில் ஜல்லி, மணல். மழைநீர் சேகரிப்பாம்! வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். அடுத்த வீட்டு மாமி மட்டும் சுண்டலை வாங்கிக்கொண்டே, "பொம்மை வீட்டுக்குக் குழி ஜோர். உங்காத்துக் குழி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தபோது, மாமனார் கொல்லையில் குழி எடுத்துக் குழாய் இணைத்தார். அதற்குப் பிறகு யார் திறந்து பார்த்தோம்? அதன் மூடி மேல் என் துளசித் தொட்டிதான் உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரி கேட்டேவிட்டேன்.

"ஏங்க, பொம்மைக்குக் கட்டத் தெரியுது. நாம குடியிருக்கிற வீட்டை எப்போ பார்க்கப் போறீங்க?"

கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை. ஆனால் விஜயதசமி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போனதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பையனோடு கொல்லைக்குப் போனார். மூடியைத் திறந்தால் சருகும் சேறும் கெட்டிப்பட்டுக் கிடந்தன. சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. ஜல்லியையெல்லாம் வெளியே வாரி அலசி, பழைய மணலைத் தள்ளிப் புது மணல் போட்டார்கள். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் இலை போகாமல் வலை கட்டினது என் பங்கு.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. முதல் மழைத் தண்ணீர் தூசும் எச்சமுமாக இருக்கும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் குழி அருகே நின்றோம். தண்ணீர் தேங்காமல் 'குளுகுளு'வென்று உள்ளே போன சத்தம் இருக்கிறதே, எனக்கு அது கச்சேரி மாதிரி இருந்தது! கார்த்திகையில் கிணற்றில் வாளி மூழ்கியது. எல்லாம் எங்கள் குழியால்தான் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், மழையும் பெய்தது. ஆனால் எங்கள் மாடியில் விழுந்த தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகவில்லை என்று சொல்வேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஆவணியில் முதலில் கொல்லைக் குழி, அப்புறம்தான் கொலு. குழியைச் சுத்தம் செய்யாமல் பரண் ஏணியை நான் கொடுப்பதில்லை. இவரும் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுகிறார். சகோதரிகளே, உங்கள் வீட்டுக் குழியின் மேலும் துளசித் தொட்டி உட்கார்ந்திருக்கிறதா? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!