இன்னிக்கு லீவா?

காலையில் கண் விழித்ததும் என் மகன் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, இன்னிக்கு லீவா?" ஞாயிற்றுக்கிழமையும் கேட்பான். "லீவுதான் சாமி" என்றாலும் உடனே நம்ப மாட்டான். அப்பா பட்டறைக்குக் கிளம்புகிறாரா, என் ஆபீஸ் பை எங்கே இருக்கிறது, வாசலில் அவனுடைய ஷூவை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் பால் டம்ளரைக் கையில் வாங்குவான். அப்போது அவனுக்கு நாலு வயது மூன்று மாதம். ஜூனில் எல்கேஜியில் சேர்த்திருந்தோம்.

சரவணம்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. சோளக்காடாகக் கிடந்த இடமெல்லாம் அபார்ட்மெண்டாகி, 2011இல் ஊர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தும் விட்டது. ஐடி கம்பெனிகள் வந்தன. அதற்குப் பின்னால் எங்களைப் போல ரெண்டு சம்பளக் குடும்பங்கள் வந்தன. அதற்கும் பின்னால் மஞ்சள் வேன்கள். காலை ஏழரை மணிக்குச் சத்தி ரோட்டில் நின்றால் வேன் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பாதித் தூக்கத்தில் இருக்கிற குழந்தை முகங்களாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் தெருவுக்கு வேன் ஏழு நாற்பதுக்கு வரும். முதல் வாரம் அழுதான். எல்லாரும் அழுவார்கள் என்றார்கள். இரண்டாம் வாரம் அழுகை நின்றுவிட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அங்கேதான் ஏமாந்தோம்.

பள்ளிக்கூடத்தில் அவன் பேசுவதையே நிறுத்தியிருக்கிறான். டீச்சரிடம் மட்டுமல்ல, யாரிடமும். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஏழு நாற்பதுக்கு ஏறினவன் ரெண்டேகாலுக்கு இறங்குகிற வரை அடக்கி வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றாமலே பாத்ரூமுக்கு ஓடுவான். குறும்பு என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. டாக்டர் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பையன் பகல் பூரா தண்ணியும் குடிக்கறதில்ல, போறதும் இல்லைங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. அவனுடைய தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தே திரும்பி வந்ததைக் கழுவி வைத்தவள் நான்தான்.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு வயசிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "முப்பத்தெட்டுப் பிள்ளைங்க மேடம். ஆயாம்மா ஒருத்தர்தான், ரெண்டு கிளாஸுக்கும். அவன் அழுவுறதில்ல, அடிக்கிறதில்ல, உக்காந்த எடத்துல இருக்கான். அழுவுற பிள்ளையத்தானுங்க மேடம் நான் பாக்க முடியுது" என்றாள். சண்டை போட முடியவில்லை. அவனுடைய நோட்டைக் காட்டினாள். பக்கம் பக்கமாக அழகான எழுத்து. அவன் கையைப் பிடித்து அவளே எழுதியது.

டாக்டர் பத்து நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார். அந்தப் பத்து நாளில்தான், பேசாமல் இவனை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். எதையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புத்தியில் ஏறும். ராத்திரி அவன் தூங்கினதும் உட்கார்ந்து படித்தேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. எங்கள் வீட்டுக்காரன் இன்னும் அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வரவில்லை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எங்கும் இல்லை. கட்டாயம் என்ற சொல்லின் பாரம் முழுக்க அரசாங்கத்தின் மேல்தான் விழுகிறது. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். மற்றபடி வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிற பெற்றோரைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. நாளைக்கே மனசு மாறி எட்டு வயசில் கொண்டுபோய் விட்டாலும் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. 1989இல் தொடங்கின தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குச் சமமான தேர்வுகள் அதில் உண்டு. 14 வயசு ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம்.

ஆக, வழி இருக்கிறது. எக்ஸெல்லில் வரிசையாகப் பச்சை அடித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்திக்கு 'யார்?' என்று தலைப்பு வைத்திருந்தேன். அதில் மட்டும் என் பெயரைத் தவிர வேறு எதையும் போட முடியவில்லை. வீட்டுக் கடன் இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. கணபதியில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் லேத் பட்டறையில் ஆர்டர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் கரண்ட் பில்தான். மாசாமாசம் ஒண்ணாம் தேதி வருவது என் சம்பளம். வேலையை விடுவது அவராக இருக்கலாமே என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். கோபப்படாமல் சிரித்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அப்புறம் அவர் சொன்னது வேறு. "எங்க பட்டறைப் பக்கம் பள்ளிக்கூடம் போகாத பையனுக்கு ஒரே பேருதான். லேத்துப் பொடியன். பத்து வயசுல வந்து இரும்புத் தூள் கூட்டுவான். நான் சின்னப்பயனா இருந்தப்ப ஒரு பட்டறைக்கு ஒருத்தனாவது இருப்பான். நீ இங்கிலீசுல பேரு வெச்சுக்கிட்டா மட்டும் அது வேற ஆயிருமா?"

வேறுதான் என்று வாதாடினேன். ஆனால் என் அம்மாவிடம் அந்த வாதம் எடுபடவில்லை. அம்மா அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். காமராஜர் காலத்தில், 1956இல் தொடங்கின மதிய உணவு அவர் படித்த காலத்திலும் இருந்தது. அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போனதாகச் சொல்வார். அஞ்சாவது முடித்ததும் ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். "நாங்கெல்லாம் போகோணும்னு அழுதோம், இந்தப் பொடுசு போகமாட்டேன்னு அழுகுது. நீ அவங்கூடச் சேந்துக்கறயே கண்ணு" என்றார். என்னிடம் பதில் இல்லை. நான் ஒரு சௌகரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் தன்னிடமிருந்து பறித்ததைப் பற்றிப் பேசுகிறார் என்று பட்டது. ஆனால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஆறரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை எந்தக் கணக்கில் சௌகரியம் என்று எழுதுவது?

எனக்கு ஆதரவாக இருந்தது என் அப்பா ஒருத்தர்தான். அதுவும் ஜி.டி. நாயுடுவின் தயவால். கோயம்புத்தூரில் பிள்ளை படிக்கவில்லை என்றால் யாராவது ஒரு பெரியவர் ஜி.டி. நாயுடுவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர், வாத்தியார் மேல் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடி வந்தார், மூணாவதோடு சரி என்று சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார், வாங்கினதும் முழுசாகக் கழற்றித் திரும்ப மாட்டினார் என்பது எங்கள் ஊரில் பாட்டி வடை சுட்ட கதைக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் கதை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொடங்கியவர் பிறகு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். "என்ற பேரனும் அவராட்டந்தான்" என்றார் அப்பா, காபியை ஆற்றிக்கொண்டே.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அப்பாவின் சொந்தச் சித்தப்பாவும் மூணாவதோடு ஓடி வந்தவர்தான். கடைசி வரை கிணறு வெட்டப் போனார். அவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தை வேண்டாமென்று ஓடி வந்த அந்த நாயுடுதான் 1945இல் கோவையில் தொழில்நுட்பப் படிப்புக்கு ஒரு நிறுவனம் தொடங்கப் பாடுபட்டார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. இத்தனை வருஷம் எதற்கு இழுக்கிறீர்கள், சீக்கிரம் சொல்லித்தர முடியாதா என்பதுதான் அவருடைய சண்டையாக இருந்தது.

என்னைப் போன்ற தாய்மார்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கென்றே ஒரு புத்தகம் உண்டு, டோட்டோ-சான். எனக்கும் ஆபீஸ் தோழி ஒருத்தி கொடுத்தாள். மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன். ஒண்ணாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்ட பிறகு, அவளுடைய அம்மா அவளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனாள். அங்கே தலைமை ஆசிரியர் முதல் நாளே நாலு மணி நேரம் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டார். நாலு மணி நேரம்! எங்கள் பக்கம் அட்மிஷன் இன்டர்வியூவில் மொத்தம் ஆறு நிமிஷம். அதிலும் அஞ்சு நிமிஷம் எங்களைத்தான் கேட்டார்கள்.

வடவள்ளிப் பக்கம் ரெண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிற ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர் மூலமாகப் போய்ப் பார்த்தோம். அந்த அக்காவும் இன்ஜினியர். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. பெரிய பெண் திண்ணையில் தராசு வைத்துச் சின்ன வெங்காயத்தை நிறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்கு விற்பதற்காம். மீதிச் சில்லறையை மனக்கணக்கில் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கிளம்பும்போது அந்த அக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. பள்ளிக்கூடத்த நாம விட்டாலும் அது நம்மள விடாதுங்க. பின்னாடியே வந்து ஊட்டுக்குள்ள உக்காந்துக்கும். அதத் தொரத்த எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். அன்றைக்கு அது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

பத்து நாள் முடிந்தும் நான் இன்னும் ரெண்டு வாரம் லீவு போட்டேன். ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு. முதல் நாலு நாள் சொர்க்கம். சின்னவேடம்பட்டி ஏரிக்கரைக்குப் போனோம். எறும்புப் புற்றை ஒரு மணி நேரம் பார்த்தோம். மாமா மரத்திலிருந்து இறக்கிய தேங்காயை எண்ணினான். இருபத்தி மூணு வரைக்கும் தப்பில்லாமல் வந்தான். பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். இப்படி ஒரு பிள்ளையையா அந்தக் கட்டடத்துக்குள் ஊமையாக உட்கார வைத்தோம் என்று ராத்திரி அழுதேன்.

அஞ்சாம் நாள் அட்டவணை போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு. அத்தை வந்து, "பத்தாயிருச்சு, இன்னும் பாயச் சுத்தலயா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் இவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கிறது என்று காட்டியாக வேண்டும் போல எனக்குப் பதறும். ஆபீஸ் குரூப்பில் அதே வயசுக் குழந்தை ஒன்று முழு வாக்கியம் படிக்கிற வீடியோ வந்தது. ஏழாம் நாள் 'அ' எழுத வைத்தேன். சுழியை எதிர்ப்பக்கமாகப் போட்டான். திருத்தினேன். திரும்பவும் அப்படியே போட்டான். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, பென்சிலைப் பிடுங்கி அவன் கையைப் பிடித்து நானே எழுதினேன். கத்தினேன் என்றும் சொல்ல வேண்டும். அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அவன் அழவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தான்.

மறுநாள் காலையில் கண் விழித்தான். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தான், என் பையைப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான், "அம்மா, இன்னிக்கு லீவா?"

லீவுதான் சாமி என்றேன். என்னிடமிருந்துதான் லீவு கேட்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக் கல்வி தப்பு என்று எழுத வரவில்லை. அந்த வடவள்ளி அக்காவுக்கு அது நடக்கிறது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு நடக்காது, இப்போதைக்கு. வேலையை விட்ட ஆத்திரத்தை அவன் படிப்பில் ஈடுகட்டிக்கொள்ளப் பார்ப்பேன் என்று ஏழே நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுச் சம்பளத்தையும் விட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தப் பென்சிலை இன்னும் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன்?

பழைய பள்ளிக்கூடத்துக்கும் திருப்பி அனுப்பவில்லை. கட்டின ஃபீஸ் போனது போனதுதான். எங்கள் வீட்டிலிருந்து மூணாவது தெருவில் அங்கன்வாடி இருக்கிறது. அத்தைதான் கொண்டுபோய் விட்டார். என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய சங்கடம். "ஒறம்பரைக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது? ரெண்டு பேரு சம்பாரிச்சு அங்கன்வாடியிலயா விடறீங்கன்னு கேப்பாங்க" என்றார். கேட்டார்கள்தான். தீபாவளிக்கு வந்த நாத்தனார் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பண முடையா என்று விசாரித்தார்.

அங்கே பதினாலு பிள்ளைகள். பாதிப் பேர் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் வராது, இவனுக்கு ஹிந்தி வராது. அதனால் இவன் பேசாமல் இருப்பது அங்கே யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. உதவியாளர் அம்மா மணிக்கு ஒரு தரம் எழுந்து, "ஒண்ணுக்குப் போறவங்கெல்லாம் வாங்க கண்ணுகளா" என்று மொத்தப் பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார். யாரும் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு திண்டாடுகிற அந்த டீச்சரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஜூன் வந்தால் மறுபடி கேள்வி வரும். யுகேஜியா, ஒண்ணாவதா, எந்தப் பள்ளி, வேனா, நடையா. அந்த எக்ஸெல் ஷீட்டை நான் அழிக்கவில்லை. 'யார்?' பத்தியில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

காலையில் இன்னும் லீவா என்று கேட்கத்தான் செய்கிறான். தினமும் இல்லை. போன வாரம் முட்டை போட்ட நாளில் மத்தியானம் வந்தவன், டவுசர் பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே அடுப்படிக்குப் போனான். நசுங்கின பாதி முட்டை. அத்தையிடம் நீட்டி, "ஆத்தா, இது உனக்கு. மீதிய அந்தப் பாப்பா தின்னுருச்சு" என்றான். எந்தப் பாப்பா என்று கேட்டேன். அவனுக்குப் பேர் தெரியவில்லை.