பல்லுக்குள் ஒரு சீமெந்து வேலை



கொஞ்ச நாளாகப் பள்ளியில் என்னைக் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் கண்ட சிலர், "என்ன சேர், தூரமாகிட்டீங்க?" என்று கேட்டீர்கள். சிரித்துச் சமாளித்தேன். வெட்கத்தை விட்டு இப்போது சொல்கிறேன். என் வாய் நாறியது. வெங்காயம், பூண்டு சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவரின் தொழுகையைக் கெடுக்க மனம் வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, ஒரு தனியார் கிளினிக்கில் இம்பிளாண்ட் வைத்தேன். சீட்டுக் காசு முழுக்க அதற்கே போனது. தாடை எலும்புக்குள் டைட்டேனியத் திருகாணி, அதன் மேல் ஒரு சிறு குற்றி, குற்றியின் மேல் சீமெந்து வைத்து ஒட்டிய கிரவுன். டைட்டேனியத்தோடு எலும்பு இறுகிப் பிணையும் என்பதைக் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்கு இப்படிப் பல் வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த பிரானமார்க். என் எலும்பும் நன்றாகத்தான் பிணைந்திருந்தது. பிரச்சினை மேலே, அந்தச் சீமெந்தில்.

போன வருடம் வுழூவுக்கு வாய் கொப்பளிக்கும்போது ஒரு கெட்ட சுவை. பிறகு முரசில் இரத்தம். மனைவி, "டொக்டர்ட்ட போங்க" என்றார். நான் மிஸ்வாக்கை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலி இல்லையே என்ற தைரியம். இம்பிளாண்டுக்கு நரம்பு இல்லை, சொந்தப் பல்லைப் போல அது கூவிக் கூப்பிடாது என்பது அப்போது தோன்றவில்லை.

கடைசியில் போனது என்னிடம் படித்த ஒரு பிள்ளையிடம். இப்போது பல் வைத்தியர். எக்ஸ்ரேயில் திருகாணியின் கழுத்தடியில் எலும்பு கொஞ்சம் கரைந்திருந்தது. கிரவுனைக் கழற்றினார். ஒரு பக்கம் சீமெந்தே இல்லை, வெற்றிடம், அதற்குள் கறுத்த அழுக்கு. மறுபக்கம் சீமெந்து மிதமிஞ்சி வழிந்து, முரசுக்குள் போய் இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்த துண்டு அரை அரிசி மணி அளவு.

"சேர், நீங்கதானே எங்களுக்கு அமிலம், காரம் படிப்பிச்ச. இதுவும் அதுதான்" என்றார். உண்மைதான். பழைய பற்சீமெந்து நாக ஒட்சைட்டுத் தூளும் பொசுபோரிக் அமிலமும் சேர்ந்து இறுகுவது. நூறு வருடத்துக்கு மேலாகப் பாவனையில் உள்ளது. அது பல்லோடு இரசாயனமாக ஒட்டாது, இடுக்குகளில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். உமிழ்நீரில் மெல்ல மெல்லக் கரையவும் செய்யும். அதன்பின் வந்த கிளாஸ் அயனோமரும் அமில-கார வேலைதான். ரெசின் சீமெந்து வேறு வகை, பிளாஸ்டிக் போல இறுகும், கரைவது மிகக் குறைவு.

எது நன்றாக அடைக்கும் என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? கிரவுனை ஒட்டி, 5 பாகை நீரிலும் 55 பாகை நீரிலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான தடவை முக்குவார்கள். ஐஸ்கிறீமும் சுடு பிளேன்டீயும் மாறி மாறிக் குடிக்கும் நம் வாய்க்குப் பதிலாக. பிறகு சாயத்தில் ஊறவைத்து, நடுவே வெட்டி, சாயம் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பொதுவாக ரெசினில் சாயம் குறைவாகவும் பழைய நாகச் சீமெந்தில் கூடவும் ஏறும். தலைமயிரை விட மெல்லிய இடைவெளியும் கிருமிக்குப் பெரிய றோட்டு.

"அப்ப எல்லாருக்கும் ரெசினே வைக்கலாமே, மகள்?" என்று கேட்டேன்.

"அங்கதான் சேர் சிக்கல்" என்றார். நன்றாக ஒட்டுவது வழிந்தால் சுரண்டுவதும் கஷ்டம். சில ரெசின் வகைகள் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரிவதே இல்லை, நாகம் கலந்தவை பளிச்சென்று தெரியும். சொந்தப் பல்லில் முரசின் நார்கள் வேருக்குள் பதிந்து தடுப்புப் போல நிற்கும். இம்பிளாண்டில் அப்படிப் பதிவதில்லை, அமுக்கும்போது சீமெந்து இலகுவாகக் கீழே இறங்கிவிடும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், இம்பிளாண்டைச் சுற்றி நோய் கண்ட இடங்களில் 81 வீதமானவற்றில் மிச்சச் சீமெந்து இருந்ததாம். அதை எடுத்தபின் பெரும்பாலானவை ஆறியும் இருக்கின்றன. அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பின்னால் கழற்ற வேண்டி வரும் என்று வேண்டுமென்றே இலேசான சீமெந்து வைக்கும் வைத்தியர்களும் உண்டு. பாத்திரத்துக்குச் சரியாக மூடி போடுவது ஒரு கெட்டித்தனம், திறக்க வேண்டிய நாளில் திறப்பது இன்னொன்று.

முதலில் வைத்தவரை ஏசி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். எழுதமாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வரச்சொன்னார், நான் ஒருநாளும் போகவில்லை. ஆனால் ஒட்டிய பிறகு எக்ஸ்ரே எடுக்கவில்லை, எந்தச் சீமெந்து என்று அட்டையில் எழுதவுமில்லை. கேட்கத் தெரியாத ஆளாக நானும் இருந்துவிட்டேன். இம்பிளாண்ட் வைக்க இருப்பவர்கள் இரண்டு விடயம் கேளுங்கள். திருகாணியால் பூட்டுவதா, சீமெந்தால் ஒட்டுவதா? சீமெந்தென்றால், மிச்சம் போய்விட்டதென்று எப்படிப் பார்ப்பீர்கள்?

எனக்கு அடுத்த மாதம் திருகாணியால் பூட்டும் புதுக் கிரவுன், இன்ஷா அல்லாஹ். அதிலும் பொருத்துவாயில் கசிவு முற்றாக இல்லாமல் போகாது, ஆனால் கழற்றிக் கழுவலாம். நாற்றம் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். நேற்று மஃரிபுக்கு முன் ஸஃப்பில் நின்றேன். அந்த அரை அரிசித் துண்டு ஒரு சின்னப் பையில் இருக்கிறது. தரம் 11 பிள்ளைகளுக்கு நடுநிலையாக்கம் படிப்பிக்கும் நாளில் கொண்டுபோவேன்.